புதன்கிழமைப் பிள்ளைகளும் ஒரு சட்டி எலும்புச் சாறும்

போன மாதம் எங்கள் தெரு முனையில் இருக்கிற ஒரு தம்பி வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம் இருந்தபடியால் ஏதோ கேட்கத்தான் வந்திருக்கிறார் என்று எனக்கு விளங்கிவிட்டது.

"அங்கிள், மகள் பள்ளிக்கூடத்தோட சேத்து டேஃப் பாடம் ஒண்டும் எடுக்கப்போறன் எண்டு நிக்கிறாள். விடலாமோ?"

"தம்பி, நான் அங்க சட்டி கழுவினவன். என்னட்டைப் போய் இதைக் கேக்கிறீர்."

"அதுதான் உங்களிட்டைக் கேக்கிறன். படிச்ச ஆக்கள் நாலு பேரைக் கேட்டன். நாலு விதமாச் சொல்லீனம்."

தேத்தண்ணியைக் குடியும் என்று சொல்லி, பிறகு கதை கிரான்பர்னில் வீட்டு விலை ஏறுகிற பக்கம் போய்விட்டது. அவர் போன பிறகு மனுசி குசினிக்குள் நின்று சொன்னா: "ஒரு ஓம் அல்லது ஒரு இல்லை. அதைச் சொல்ல உங்களுக்கு இரண்டு மணித்தியாலம் காணாது." அவ சொன்னது சரி. எனக்கு எதையும் சுருக்கிச் சொல்ல வராது. ஆனபடியால்தான் ஆறுதலாக இருந்து எழுதுகிறேன்.

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் மாமாவோடு நின்றேன். எண்பத்துமூன்றுக் கலவரத்தில் கடையும் போய், நாங்களும் கப்பலில் யாழ்ப்பாணம் போய், அடுத்த வருடம் மனுசியின் தமையன் பொறுப்பு நின்று எங்களை மெல்பேர்னுக்கு எடுப்பித்தார். வந்து இறங்கினது ஆடி மாதம், இங்கே அது குளிர்காலம். அந்தக் குளிரைப் பற்றி எழுதப் போனால் இந்தக் கட்டுரை அதிலேயே முடிந்துவிடும். முதலில் காருக்கு இருக்கை தைக்கிற தொழிற்சாலையில் நின்றேன். ஆட்களைக் குறைத்தபோது என்னையும் குறைத்தார்கள். பிறகு தென்கிழக்குப் பக்கத்தில் இருந்த டேஃப் என்கிற அரசாங்கத் தொழிற்கல்லூரி ஒன்றில், சமையல் படிப்பிக்கிற குசினியில் பாத்திரம் கழுவ ஆள் வேண்டும் என்றார்கள். போனேன். இரண்டாயிரத்து ஒன்பதில் ஓய்வு எடுக்கும் வரைக்கும் அங்கேதான் நின்றேன். நடுவில் ஸ்டோரையும் என்னிடம் தந்தார்கள். மாவு, சீனி, எண்ணெய், எலும்பு, மரக்கறி எல்லாம் நான் நிறுத்துக் கொடுக்க வேண்டும்.

அந்தக் குசினிக்குப் பொறுப்பு நெவில் என்கிற வெள்ளைக்காரன். ஷெஃப் நெவில் என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். அவருடைய இங்கிலீசை நான் என்னுடைய வாய்த் தமிழில்தான் எழுத முடியும். அவர் பேசினது அதைவிடக் கட்டை. ஒரு வசனத்தில் நாலு சொல்லுக்கு மேல் வந்தால் அன்றைக்கு அவருக்குச் சந்தோசம் என்று அர்த்தம்.

ஸ்டோர் வேலைக்கு உணவுச் சுத்தம் பற்றி ஒரு சோதனை எழுத வேண்டும் என்று சட்டம் வந்தது. எனக்கு இங்கிலீஸ் பேச வரும், வாசிக்க வராது. அதை நெவிலுக்குச் சொல்ல வெட்கப்பட்டு ஒரு கிழமை ஒளித்துத் திரிந்தேன். அவர் ஒருநாள் கதிரையை இழுத்து எனக்கு முன்னால் போட்டு இருந்தார்.

"கேள்வியை வாசிக்கிறது என்ர வேலை. மறுமொழி சொல்லுறது உன்ர வேலை. சரியோ?"

சரி என்றேன். வாசித்தார். சொன்னேன். கோழி இறைச்சியை எந்தச் சூட்டில் வைத்திருக்க வேண்டும் என்பதைப் பிழையாகச் சொல்லிவிட்டேன். என் முகத்தைப் பார்த்தார், நான் அவர் முகத்தைப் பார்த்தேன். ஒரு கண்ணசைவு தந்திருந்தால் திருத்தியிருப்பேன். தரவில்லை. "இன்னும் இல்லை. அடுத்த கிழமை," என்று எழும்பிப் போய்விட்டார். அடுத்த கிழமையும் அதே கதிரையைப் போட்டு, முதலாவது கேள்வியில் இருந்து பொறுமையாக வாசித்தார். பாஸ் பண்ணினேன். அந்த ஆள் எப்படிப்பட்டவர் என்று அந்த இரண்டு கிழமையில் எனக்குத் தெரிந்துவிட்டது. வாசிக்க எவ்வளவு நேரமும் இருப்பார். பிழையைச் சரி என்று எழுத மாட்டார்.

தொண்ணூறுகளின் நடுவில்தான் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரத் தொடங்கினார்கள். பதினொராம், பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள். புதன்கிழமைகளில் மட்டும் பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் எங்களிடம் வருவார்கள். இரண்டு வருடம் வந்தால் ஒரு சேர்ட்டிபிகேட். அதில் விசயம் என்னவென்றால், பள்ளிக்கூடம் முடித்துப் பெரிய படிப்புக்குப் போகும்போது, இங்கே செய்து முடித்த பாடங்களைத் திரும்பச் செய்யத் தேவையில்லை. கிரெடிட் என்று கழித்துவிடுவார்கள். பள்ளிக்கூடப் பிள்ளையாக இருக்கும்வரை அதற்குச் செலவும் பெரிதாக இல்லை. ஏப்ரனும் சப்பாத்தும் வாங்கினால் சரி. அதே பாடத்தைப் பள்ளிக்கூடம் விட்ட பிறகு வந்து படித்தால் கட்டணம் வேறு. நிரந்தர விசா இல்லாத பிள்ளை என்றால் கேட்கவே வேண்டாம், வெளிநாட்டுப் பிள்ளைக்குரிய கட்டணம்.

எங்கள் ஆட்களுக்கு இது ஒரு மானப் பிரச்சினை. டேஃப் என்றால் படிப்பு ஓடாத பிள்ளைகள் போகிற இடம் என்று ஒரு எண்ணம். கோயிலில் ஒருமுறை அன்னதானப் பந்தியில் எனக்குப் பக்கத்தில் இருந்த ஒரு அம்மா மற்றவவுக்குச் சொல்லிக்கொண்டிருந்தா.

"எங்கட மகன் புதன்கிழமையில மெத்ஸ் ரியூசனுக்குப் போறவர். நாள் முழுக்க."

"நாள் முழுக்க மெத்ஸோ? பாவம் பிள்ளை."

மகன் எனக்கு நேரே முன்னால் சாம்பாரை வாளியில் வைத்துக்கொண்டு நிற்கிறான். முந்தின நாள்தான் என்னோடு நின்று ஒரு மூட்டை வெங்காயம் உரித்தவன். என்னைக் கண்டதும் அவன் முகம் போன போக்கு. "அங்கிள், சாம்பார்?" என்று கேட்டான். "விடும் தம்பி, கணக்காய் விடும்," என்றேன். தாய்க்கு ஒன்றும் விளங்கவில்லை. அவன் விழுந்து விழுந்து சிரித்ததில் அரைவாசிச் சாம்பார் இலைக்கு வெளியில்.

இப்போது கரண்டி விசயத்துக்கு வருகிறேன். இதைச் சொல்லாமல் மற்றதைச் சொல்ல ஏலாது.

நெவிலின் குசினியில் ஒவ்வொரு மேசையிலும் ஒரு உயரமான தகரப் பேணி இருக்கும். அதற்குள் சுத்தமான தேக்கரண்டிகள். பக்கத்தில் தண்ணீர் விட்ட ஒரு ஏனம். ஒரு பிள்ளை சூப்போ சோஸோ செய்கிறது என்றால், பேணியில் இருந்து ஒரு கரண்டி எடுத்து ருசி பார்க்க வேண்டும். பார்த்த கரண்டி தண்ணீருக்குள் போக வேண்டும், திரும்பச் சட்டிக்குள் போகக் கூடாது. உப்போ புளிப்போ திருத்தி, புதுக் கரண்டியால் திரும்பப் பார்க்க வேண்டும். எல்லாம் முடிந்தது என்று பிள்ளை கையை உயர்த்தினால் நெவில் வருவார். வந்து சட்டியைப் பார்க்க மாட்டார், பிள்ளையைத்தான் பார்ப்பார்.

"ருசி பாத்தியோ?"

"ஓம், ஷெஃப்."

"என்ன குறையுது?"

பிள்ளை மறுமொழி சொல்ல வேண்டும். சொன்ன பிறகுதான் அவர் தன்னுடைய கரண்டியை எடுப்பார். பிள்ளைக்கு முந்தி அவர் ஒருநாளும் ருசி பார்த்ததில்லை. பிள்ளை சொன்னது சரியாக இருந்தால் பேப்பரில் அடையாளம் போடுவார். பிழை என்றால் "இன்னும் இல்லை" என்பார். கத்த மாட்டார். எனக்குக் கொழும்பில் முதலாளி அகப்பையால் அடித்துப் பழக்கினவர், அதனால் நெவில் கத்தாமல் நிற்பதைப் பார்க்க முதலில் பயமாகக்கூட இருந்தது. அந்தக் கரண்டிகளைக் கழுவித் துடைத்துப் பேணிகளை நிரப்புவது நான். பேணி வெறுமையானால் வகுப்பே நின்றுவிடும்.

தர்சிகா என்கிற பிள்ளை இந்தக் கரண்டிகளோடு படாத பாடு பட்டது. சன்னமான, கதை குறைந்த பிள்ளை. பதினொராம் வகுப்பில் வந்து சேர்ந்தபோது, தமிழ் ஆள் என்று என்னைக் கண்டதும் ஸ்டோர் வாசலில் வந்து "அங்கிள், நீங்கள் சிலோனா?" என்று கேட்டது. ஓம் என்றதும் அதோடு கதை முடிந்தது. ஆனால் அன்றிலிருந்து தன் மேசைக்கு வேண்டிய சாமானை என்னிடம் தமிழில்தான் கேட்கும்.

அது நன்றாகச் சமைக்கும். ஆனால் ருசி பார்க்காது. சட்டிக்கு மேலே குனிந்து மணந்து பார்க்கும், கொஞ்சம் உப்புப் போடும், கையை உயர்த்தும். நெவில் வந்து கேட்பார். பார்க்கவில்லை என்று சொல்லும். பொய் சொல்லாது. "அப்ப எப்பிடித் தெரியும்?" என்று கேட்டால், "மணத்தில தெரியும் ஷெஃப்," என்னும். நெவிலுக்கு இது விளங்கவே இல்லை. ஒருநாள் என்னிடம் வந்து கேட்டார். நான் சொன்னேன்: எங்கள் வீடுகளில் கனபேர் சமைக்கும்போது வாயில் வைக்க மாட்டார்கள், சாமிக்குப் படைக்க முந்தி வைத்தால் எச்சில், அந்தப் பழக்கம் சும்மா நாளிலும் ஒட்டிக்கொண்டுவிடும், அந்தப் பிள்ளையின் தாய் அப்படித்தான் பழக்கியிருப்பா என்று.

நெவில் யோசித்தார். பிறகு அவளிடம் போய்ச் சொன்னார்: "உன்ர அம்மா தன்ர குசினியில, தன்ர சட்டியில, தன்ர ஆக்களுக்குச் சமைக்கிறா. அவ பிழைவிட்டாலும் வீட்டில மன்னிப்பினம். நீ தெரியாத ஆக்களுக்குச் சமைக்கப் போறாய். பாத்துத்தான் சொல்ல வேணும்." அவர் அப்படி நீளமாகப் பேசினதை நான் அன்றைக்குத்தான் கேட்டேன். தர்சிகாவும் பழகியது. முதல் கரண்டியை வாய்க்குக் கொண்டுபோகும்போது கண்ணை இறுக்கி மூடும், மருந்து குடிக்கிற மாதிரி. வருடக் கடைசியில் மற்றப் பிள்ளைகளைப் போலச் சாதாரணமாக எடுத்து வைத்தது.

அந்த வீட்டு நிலைமை எனக்குப் பிறகுதான் தெரிய வந்தது. தாய், தகப்பன், இந்த ஒரே பிள்ளை. அகதி என்று கேட்டுப் போட்ட வழக்கு வருடக் கணக்காக முடியாமல் இழுபட்டது. கையில் தற்காலிக விசா. பள்ளிக்கூடத்துக்குப் போகலாம், அதற்குத் தடை இல்லை. ஆனால் பள்ளிக்கூடம் முடிந்த அடுத்த நாள், படிப்பைப் பொறுத்தவரை அவள் வெளிநாட்டுப் பிள்ளை. அந்தக் கட்டணத்தை அந்தக் குடும்பம் கனவிலும் கட்ட ஏலாது. பள்ளிக்கூடத்தில் இருக்கும்போதே சேர்ட்டிபிகேட்டை முடித்து, கிரெடிட்டைக் கையில் எடுத்துக்கொண்டு போனால், மிச்சப் படிப்பு பாதியாகும். அதை வேலை செய்துகொண்டு மெல்ல மெல்ல முடிக்கலாம். ஒரு பாடம் தவறினாலும் சேர்ட்டிபிகேட் இல்லை.

பன்னிரண்டாம் வகுப்பின் கடைசியில் அவளுக்கு ஒரே ஒரு பாடம் மிச்சம் இருந்தது. எலும்புச் சாறும் அதிலிருந்து இறக்குகிற சோஸும். மாட்டெலும்பை அடுப்பில் வைத்துச் செம்மண் நிறம் வரச் சுட வேண்டும். வெங்காயம், கரட், செலரி வதக்கி, தக்காளிக் கூழ் சேர்த்து, தண்ணீர் விட்டு பெருங்கொதி வராமல் மெல்லிய நெருப்பில் மணிக்கணக்காக வைத்திருக்க வேண்டும். நுரையை எடுத்துக்கொண்டே நிற்க வேண்டும். வடித்து, வற்றவிட்டு, சோஸாக்க வேண்டும். அந்தப் புதன்கிழமை எலும்பு நான்தான் நிறுத்துக் கொடுத்தேன். பிள்ளை எல்லாம் ஒழுங்காகச் செய்தது. கையை உயர்த்தியது. நெவில் போனார்.

"ருசி பாத்தியோ?"

"இல்லை, ஷெஃப்."

நெவிலுக்கு அது பழைய பழக்கம் திரும்பி வந்துவிட்டது என்று எண்ணம். கரண்டிப் பேணியை அவள் பக்கம் தள்ளினார். "பார்."

அவள் கரண்டியை எடுக்கவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். பிறகு மெல்லச் சொன்னாள், தனக்கு மாட்டிறைச்சி அலர்ஜி என்று.

அந்தச் சொல்லை அந்தக் குசினியில் சொல்லக் கூடாது. வேறு எதைச் சொன்னாலும் நெவில் கேட்டுக்கொண்டு நின்றிருப்பார். அலர்ஜி என்றதும் அகப்பையை எடுத்து அப்பால் வைத்தார். அவளை மேசையை விட்டுத் தள்ளி நிற்பாட்டினார். கையைக் கழுவச் சொன்னார். மூச்சு ஒழுங்காக வருகிறதா என்று கேட்டார். இனி டொக்டரின் கடிதம் இல்லாமல் இறைச்சி இருக்கிற மேசைக்குக் கிட்ட வரக் கூடாது என்றார். அது அவருடைய கோபம் இல்லை, அங்கே சட்டம் அது. ஒருமுறை ஒரு பொடியனுக்கு நிலக்கடலையால் முகம் வீங்கி அம்புலன்ஸ் வந்ததை எல்லாரும் பார்த்திருந்தோம்.

பிள்ளை ஸ்டோருக்குள் வந்து சீனி மூட்டைக்கு மேல் இருந்து அழுதது.

"என்ன பிள்ளை இது? உங்கட வீட்டில மாடு விலக்கு இல்லை எண்டு சொல்லிப் போன வருசம் மாட்டிறைச்சிக் கறி ருசி பாத்தனீ எல்லோ? எப்ப தொடக்கம் அலர்ஜி?"

"அலர்ஜி இல்லை அங்கிள். பெரியப்பா செத்துப்போனார். வன்னியில. ரெண்டு கிழமைக்கு மேல ஆச்சு. வீட்டில முப்பத்தொராம் நாள் வரைக்கும் மச்சம் இல்லை, மீன் இறைச்சி ஒண்டும் தொட மாட்டம்."

"அதை அவரிட்டைச் சொல்லியிருக்கலாமே, மடைச்சி."

"செத்தவீட்டுத் துடக்கை எப்பிடி அங்கிள் இங்கிலீசில சொல்லுறது? சொன்னா, அப்ப நீ ஏன் ஃபியூனரலுக்குப் போகேல்ல எண்டு கேப்பார். பிறகு விசாக் கதை எல்லாம் சொல்லவேணும். வகுப்பு முழுக்கப் பாத்துக்கொண்டு நிக்குது. அலர்ஜி எண்டா ஒருத்தரும் ஒண்டும் கேக்க மாட்டினம் எண்டு நினைச்சன்."

முந்தின இரண்டு புதன்கிழமையும் கேக் வேலை. அதனால் தப்பியிருந்தாள். நான் போய் நெவிலிடம் என்னுடைய இங்கிலீசில் சொன்னேன். தகப்பனின் தமையன், முப்பத்தொரு நாள், இறைச்சி இல்லை, அலர்ஜி பொய். அவர் தோளில் கிடந்த துவாயை எடுத்து, சுத்தமாக இருந்த மேசையைத் திரும்பவும் துடைத்தார்.

"மரக்கறிச் சாறு செய்தாச் சரிவராதோ?" என்று நான் கேட்டேன்.

"பாடத்தில எலும்பு எண்டு இருக்கு."

"சமைச்சதை நீங்கள் பாத்தனீங்கள்தானே?"

"சமைச்சதைப் பாத்தன். அவள் ருசி பாத்ததைப் பாக்கேல்ல. நான் ஓம் எண்டு போட்டா, அவளின்ர பொய்க்கு மேல என்ர பொய்."

அடுத்த கிழமை வெள்ளிக்கிழமைக்குள் எல்லாப் பிள்ளைகளின் முடிவையும் மேலே அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். அதற்குப் பிறகு பள்ளிக்கூடப் பிள்ளை என்கிற கணக்கு மூடிவிடும். முப்பத்தொன்று அந்த வெள்ளியைத் தாண்டித் திங்கட்கிழமை வருகிறது. மூன்று நாள் இடிக்கிறது.

நான் அவர்கள் வீட்டுக்குப் போனேன். ஒரு கடைக்குப் பின்னால் இரண்டு அறை. தகப்பன் என்னைக் கண்டதும் எழும்பிக் கதிரையைத் தந்துவிட்டு நிலத்தில் இருந்தார். கடைசிவரை ஒரு வார்த்தை பேசவில்லை. தாய்தான் பேசினா. புவனம் என்று பெயர்.

"தங்கச்சி, எங்கட பக்கத்தில எட்டாம் நாள் எட்டுச் செலவோட மச்சம் படைச்சு முடிச்சுப்போடுவினம்," என்று நான் தொடங்கினேன். "ஒரு கரண்டிதானே. விழுங்கவும் தேவையில்லை. நாக்கில வைச்சுப்போட்டுத் துப்பலாம்."

"அண்ணை, உங்கட பக்கத்தைப் பற்றி நான் ஒண்டும் சொல்லேல்ல. எங்களை இஞ்ச அனுப்ப இவரின்ர தமையன் தன்ர தோட்டத்தை வித்தவர். அவர் செத்ததுக்கு இவர் போனாத் திரும்பி வரேலாது. கூடப்பிறந்த தமையன்ர முகத்தைப் பாக்கேல்ல. கொள்ளிக்குப் பக்கத்தில நிக்கேல்ல. இஞ்ச இருந்து செய்யக்கூடினது இது ஒண்டுதான். முப்பத்தொரு நாள் நாக்கைக் கட்டுறது. அதையும் செய்யாட்டி நாங்கள் என்ன மனுசர், சொல்லுங்கோ?"

"பிள்ளையின்ர படிப்பு எல்லோ தங்கச்சி?"

"படிப்புத்தான். அதுக்காகத்தான் அவரும் தோட்டத்தை வித்தவர்." அதைச் சொல்லிவிட்டு அவவே வாயைப் பொத்திக்கொண்டா.

தர்சிகா அறை வாசலில் நின்றாள். "அம்மா ஓம் எண்டாலும் நான் பாக்க மாட்டன் அங்கிள். என்னைச் சைக்கிளில ஏத்திப் பள்ளிக்கூடம் கொண்டுபோனவர் அவர்." தாயும் மகளும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. நான் தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போட்டு வாறன் என்று எழும்பினேன். அந்த வீட்டில் ஒருவரும் பிழையாக ஒன்றும் சொல்லவில்லை. நெவிலும் பிழையாகச் சொல்லவில்லை. அப்படியானால் யாரோடு போய்ச் சண்டை பிடிப்பது? பஸ்ஸில் முழுக்க இதுதான் யோசனை.

அடுத்த நாள் நெவிலிடம் நடந்ததை அப்படியே சொன்னேன். தோட்டம் விற்ற கதை, போக ஏலாத கதை. துவாய் கையில் இருந்தது, ஆனால் மேசையைத் துடைக்கவில்லை.

"முப்பத்தொண்டு எப்ப?"

"திங்கள்."

"அதுக்கடுத்த புதன் அவள் வரட்டும்."

"வெள்ளியோட மூடிவிடும் எல்லோ, ஷெஃப்?"

"நான் குடுத்தாத்தானே மூடலாம்."

அவ்வளவுதான் சொன்னார். வெள்ளிக்கிழமை மற்றப் பிள்ளைகளின் தாள்களைக் கட்டி மேலே கொடுத்தார். தர்சிகாவின் தாளைத் தன் கத்திப் பெட்டிக்கு அடியில் வைத்தார். திங்கள் அலுவலகத்தில் இருந்து ஒரு அம்மா போன் எடுத்தா. இன்னும் தயாராகவில்லை என்றார். செவ்வாய் இரண்டு முறை எடுத்தா. அதையே சொன்னார். நான் அந்த மனுசனோடு வேலை செய்த காலம் முழுக்க அவர் ஒரு தாள் பிந்திக் கொடுத்து நான் அறியேன். பால்காரன் பத்து நிமிடம் பிந்தினால் வாசலில் போய் நிற்கிற ஆள்.

புதன்கிழமை பிள்ளை தாயையும் கூட்டிக்கொண்டு வந்தது. தாய் வாசலில் நின்றுகொண்டு உள்ளே வர மாட்டேன் என்றா. நெவில் தலைக்கு வலைத் தொப்பி ஒன்றைக் கொண்டுபோய்க் கொடுத்தார். மற்ற வகுப்பு இல்லை. குசினியில் நாங்கள் நாலு பேர்தான். தர்சிகா நேரே நெவிலுக்கு முன்னால் போய் நின்றாள்.

"ஷெஃப், அண்டைக்கு நான் சொன்னது பொய். மன்னிக்க வேணும்."

"தெரியும். எலும்பு சுடு."

எலும்பு சுட்டாள். வதக்கினாள், நுரை எடுத்தாள், வடித்தாள். தாய் சுவரோடு நின்று, மகள் அவ்வளவு பெரிய சட்டியைத் தூக்குவதைப் பார்த்தா. ஒருமுறை உதவிக்கு எட்டி வந்தா. நெவில் ஒரு விரலைக் காட்டினார், திரும்பப் போய் நின்றா. பின்னேரம் ஆகிச் சோஸ் வற்றி, அகப்பையின் முதுகில் ஒட்டுகிற பதத்துக்கு வந்தது. அவள் பேணியில் இருந்து கரண்டியை எடுத்தாள். தாயைப் பார்த்தாள். தாய் தலையை ஆட்டினா. வாயில் வைத்தாள். யோசித்தாள். ஒரு கிள்ளு உப்புப் போட்டாள். புதுக் கரண்டி எடுத்துத் திரும்பப் பார்த்தாள். கையை உயர்த்தினாள்.

"ருசி பாத்தியோ?"

"ஓம், ஷெஃப்."

"என்ன குறையுது?"

"ஒண்டும் குறையேல்ல."

நெவில் தன்னுடைய கரண்டியை எடுத்தார். சட்டியில் தோய்த்தார். தோய்த்துவிட்டு அதைத் தன் வாய்க்குக் கொண்டுபோகவில்லை. திரும்பி, சுவரோடு நின்ற தாயிடம் நீட்டினார்.

புவனம் என்னைப் பார்த்தா. முப்பத்தொரு நாளுக்குப் பிறகு அந்த வீட்டில் இன்னும் மச்சம் சமைக்கவில்லை என்று பிறகுதான் சொன்னா. கரண்டியை இரண்டு கையாலும் வாங்கினா, கோயிலில் தீர்த்தம் வாங்குகிற மாதிரி. வாயில் வைத்தா. கண் கலங்கியது.

"உப்புக் காணும்," என்றா.

நெவில் என்னிடம் அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்கவில்லை. கத்திப் பெட்டியைத் தூக்கித் தாளை எடுத்துக் கையெழுத்துப் போட்டார்.

அந்தப் பிள்ளை பிறகு எப்படிப் போனது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மறந்துபோவேன். சேர்ட்டிபிகேட் வந்தது. ஒரு உணவகத்தில் வேலைக்குச் சேர்ந்து, கிரெடிட் கழித்த மிச்சப் படிப்பை ஒரு பாடம் ஒரு பாடமாகக் கட்டிப் படித்தது. நான் ஓய்வு எடுப்பதற்கு முந்தி அவர்களின் வழக்கும் வென்றது. தகப்பன் ஊருக்குப் போய்த் தமையனின் ஆண்டுத் திவசத்தைத் தானே நின்று செய்துவிட்டு வந்தார். என்னிடம் முதன்முதலாக வாய் திறந்து பேசினது, அதைச் சொல்லத்தான்.

கையெழுத்துப் போட்ட அந்தப் புதன்கிழமை பின்னேரமே நெவில் தாளை மேலே கொண்டுபோனார். நான் ஸ்டோர்க் கணக்குக் கொடுக்க அவருக்குப் பின்னால் படியேறினேன். அலுவலக அம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பேசினா. வெள்ளிக்கிழமை என்றால் வெள்ளிக்கிழமை, உமக்கு இவ்வளவு வருசமும் தெரியாததா, இதைப் புகுத்த நான் யார் யாரிடம் கெஞ்ச வேண்டும் தெரியுமா என்று. நெவில் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி இரண்டு கையையும் முன்னால் கட்டிக்கொண்டு முழுப் பேச்சையும் வாங்கிக்கொண்டு நின்றார். அவர் யாரிடமும் பேச்சு வாங்கி நான் பார்த்தது அந்த ஒருமுறைதான். கடைசியில் அவ கேட்டா:

"என்ன காரணம் எண்டு எழுத?"

"சோஸ் வத்தக் கொஞ்சம் நேரமெடுத்தது," என்றார் நெவில்.

அந்த அம்மா சிரிக்கவில்லை. அதை அப்படியே காரணத்துக்கு நேரே எழுதினா. பிறகு முத்திரையை எடுத்து மையில் ஒற்றி, அந்தத் தாளில் அழுத்திக் குத்தினா.